மூணு வரைக்கும் எண்ணுங்க!

போன சனிக்கிழமை கோவளம் போயிருந்தேன். கேரளத்துக் கோவளம் இல்லை. அதற்கு ஃப்ளைட், ரிஸார்ட், எண்ணெய் மசாஜ் என்று ஏகப்பட்ட சடங்குகள். இது நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். முட்டுக்காட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா, மீனவர் குப்பம், அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஈரத்தோடு நடக்கும் வாலிபர்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதர். முப்பது சொச்சம் வருஷம் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார். வெறும் 'வாத்தியார்' என்றே வைத்துக்கொள்வோம். (என் வீட்டில் அவருக்குப் பெயர் 'கேள்வி மாமா'. ஃபோன் பண்ணினால்கூட "செளக்கியமா?"வுக்குப் பிறகு நாலு கேள்வி வரும்.) பென்ஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், சாயங்காலமானால் குப்பத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை வாசலில் உட்கார வைத்துப் பாடம் சொல்கிறார். ஃபீஸ் கிடையாது. எப்போதாவது சங்கரா மீன் வரும். சுத்த சைவரான அவர், அது பக்கத்து வீட்டுக் குழம்பில் சேரும்படி பார்த்துக்கொள்வார்.

நான் போனபோது சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. உள்ளூர் சரித்திரம்தான். 1752-ல் ராபர்ட் கிளைவ் இந்தக் கோவளத்துக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கதை. கிளைவிடம் இருந்தது லண்டன் தெருக்களில் பொறுக்கியெடுத்துக் கப்பல் ஏற்றின கத்துக்குட்டி சோல்ஜர்கள். கோட்டையிலிருந்து முதல் குண்டு வந்து ஒருத்தன் விழுந்ததும் மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்களாம். இன்னொரு சமயம் பீரங்கிச் சத்தத்தில் காவல்காரர்கள் மிரண்டு போக, அதில் ஒருத்தனைப் பல மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள். இதை எழுதி வைத்த புண்ணியவான் மெக்காலே. ஆமாம், 1835-ல் நமக்கெல்லாம் என்ன படிப்பு வேண்டும் என்று குறிப்பு எழுதித் தீர்மானம் பண்ணினாரே, அவரேதான்.

"அந்த ஆள் ஏன் கிணத்துல போய் ஒளிஞ்சான்?" என்று கேட்டார் வாத்தியார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

ஒரே நிசப்தம். எனக்கு வாய் பரபரத்தது. "பயம்!" என்று நானே சொல்லி மானத்தைக் காப்பாற்றலாமா என்று பார்த்தேன். மனுஷர் கண் அயர்ந்துவிட்டாரோ என்றுகூடச் சந்தேகம். பிறகுதான் கவனித்தேன். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். ஒண்ணு... ரெண்டு... மூணு.

"பயந்துட்டான் சார்" என்றான் ஒரு பையன். வாத்தியார் 'சரி'யும் சொல்லவில்லை, 'தப்பு'ம் சொல்லவில்லை. மறுபடி விரல்.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் மெல்ல ஆரம்பித்தாள். "அவனுக்கும் இந்த ஊருக்கும் இன்னா சார் சண்டை? எங்கயோ தெருவுல இருந்தவனைப் புடிச்சாந்து வுட்டா அவன் எதுக்கு சாவணும்? பயந்தவன்னு எய்தினவரு லண்டன்ல உக்காந்துதானே எய்தியிருப்பாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பி.ஏ. ஹிஸ்டரியில் நான் கேட்காத கேள்வி.

அதற்குள் ஒரு பொடியன், "சார், அந்தக் கிணத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. "கடலோரத்துல கோட்டை கட்டறவன் முதல்ல கேக்க வேண்டிய கேள்விடா அது" என்று சொல்லி, மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் மேல் மழைத் தண்ணீர் எப்படி மிதந்து நிற்கிறது, அளவுக்கு மீறி மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு எப்படி மேலே ஏறி வருகிறது என்று போய்விட்டார். சரித்திரத்தில் கிளம்பின வண்டி பூகோளத்தில் நின்று பம்ப் செட்டில் முடிந்தது.

காபி குடிக்கும்போது கேட்டேன். "அதென்னய்யா விரல் விட்டு எண்ணறது? ஜோசியமா?"

ஜோசியம் இல்லையாம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்று ஒரு அம்மாள் வகுப்பறைகளை டேப் ரிகார்டரில் பதிவு பண்ணி, கேள்வி கேட்ட டீச்சர் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்து பார்த்தார். 1970-களில் எழுதினார். சராசரியாக ஒரே ஒரு செகண்ட். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பையன், அல்லது தானே பதில். இந்த ஒரு செகண்டை மூன்று செகண்டாக நீட்டச் சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான். பதில்கள் நீளமாயின. 'தெரியாது'க்கள் குறைந்தன. பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். முக்கியமாக, மக்கு லிஸ்டில் இருந்ததுகள் வாயைத் திறந்தன. புதுக் கட்டடம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். செலவு இரண்டு செகண்ட்!

என் பள்ளிக்கூட நாளில் எனக்குப் பாடம் சொன்னவர்களும் மூன்று செகண்ட் காத்திருக்கத்தான் செய்தார்கள். அது பிரம்பை ஓங்குவதற்கு. எட்டாவதில் ஒரு தரம், "மழைத் தண்ணி இனிக்குது, ஆத்துத் தண்ணி இனிக்குது, ரெண்டும் போய்ச் சேர்ற கடல் மட்டும் ஏன் ஸார் உப்பு?" என்று கேட்டுத் தொலைத்தேன். "அதிகப்பிரசங்கி! ஏறுடா பெஞ்சு மேல!" பீரியட் முடிகிற வரை பெஞ்சு மேல் நின்றதில் ஜன்னல் வழியாகப் பெண்கள் பள்ளி மைதானம் நன்றாகத் தெரிந்தது என்பதைத் தவிர வேறு அறிவு வளர்ச்சி ஏற்படவில்லை. ஆறுகள் பாறைகளைக் கரைத்துத் துளித்துளி உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன, தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது என்பதை என் ஐம்பதாவது வயசில் இதே வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். எத்தனை சின்ன விஷயம்! அதற்குப் பிறகு வகுப்பில் நான் கேள்வியே கேட்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம்.

பேச்சு மணலுக்கு வந்தது. இந்தக் கடற்கரை மணலுக்கும் உலகத்துப் படிப்புக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1789-ல் எழும்பூரில் கம்பெனிச் சோல்ஜர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதன் தலைவர். ஒருநாள் குதிரையில் போகும்போது, நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அட, சிலேட்டும் வேண்டாம், காகிதமும் வேண்டாம்! திரும்பி வந்து தன் வாத்தியார்களிடம் சொன்னார். அவர்கள் முடியாது என்றார்கள். (வாத்தியார்கள் எக்காலத்திலும் வாத்தியார்களே.) பெல் அசரவில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவனை, ஜான் ஃபிரிஸ்கன் என்று பேர், கூப்பிட்டு, "நீ சொல்லிக்கொடு" என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான். பையனுக்குப் பையன் பாடம் சொல்கிற இந்த ஏற்பாடு நம் ஊர் சட்டாம்பிள்ளை சமாசாரம்தான். 1797-ல் பெல் லண்டனில் புஸ்தகம் போட, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளிக்கூடம் இருக்கிறது.

கேட்கப் பெருமையாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அங்கே போனதும் அது என்ன ஆயிற்று? ஒரே ஹாலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், விசில் அடித்தால் எழுந்திரு, மணி அடித்தால் உட்கார், கோரஸாக ஒப்பி. மணல் போய்விட்டது, டிரில் மட்டும் மிஞ்சியது. இங்கே திண்ணையிலும் ஒன்றும் தேவலோகம் இல்லை. பிள்ளையை உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற தண்டனை இருந்ததே!

அந்தப் பெல் கதையை மறுபடி ஒரு தரம் நம் தமிழ்நாட்டிலேயே நடத்திப் பார்த்தார்கள். 'செயல்வழிக் கற்றல்' ஞாபகம் இருக்கிறதா? ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளிக்கூடத்தில், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஏணி மாதிரி படிப்படியான அட்டைகள் தயார் பண்ணியிருந்தார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அதை எடுத்து வந்து 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தார். 2007-ல் மாநிலம் முழுக்க 37,000-க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள். ஒன்று முதல் நாலு வரை ஒரே அறை. வகுப்பு முழுக்க ஒரே பக்கத்தைப் படிப்பது கிடையாது. அவரவர் ஏணியில் அவரவர் படி. மிருகம், பறவை என்று படம் போட்ட அட்டையைப் பிள்ளையே அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. டீச்சரும் பாயில்.

"அப்ப நான்தான்யா முதல் எதிரி" என்றார் வாத்தியார். "நாற்காலியை எடுத்துட்டு தரையில உக்காருன்னா? என் முட்டிவலி அதிகாரிக்குத் தெரியுமா? வகுப்பா அது, சந்தை மாதிரி இருக்கும். சங்கத்துல எழுந்து பேசினேன். கை தட்டினாங்க."

"அப்புறம் எப்படி மாறினீர்?"

"ஒரு பையன் மாத்தினான்."

குப்பத்துப் பையன். மீன் பாடு நன்றாக இருந்தால் பத்து நாள் பள்ளிக்கூடம் வரமாட்டான். பழைய முறையில் அவன் திரும்பி வரும்போது வகுப்பு முப்பதாம் பக்கத்தில் இருந்து நாற்பத்தைந்தாம் பக்கத்துக்குப் போயிருக்கும். விட்டதைப் பிடிக்க முடியாது. ஒன்றாவதில் 'லீவு போடறவன்', இரண்டாவதில் 'மக்கு', நாலாவதில் ஆளே இல்லை. இதுதான் வழக்கம்.

"அந்த வருஷம் பதினோரு நாள் கழிச்சு வந்தான்யா. நான் அவனைப் பாக்கவேயில்லை. நேரா அலமாரிக்குப் போனான். தான் விட்ட அட்டையைத் தேடி எடுத்தான். பாயில உக்காந்தான். படிச்சான். அவ்வளவுதான். யாரும் திட்டலை, யாரும் அவனை முந்திக்கிட்டுப் போயிடலை. நான் இருவத்தஞ்சு வருஷமா எத்தனை பேரை அப்படித் தொலைச்சேன்னு அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். பாதியில நிறுத்திட்டேன்."

அவர் அந்த முறையைத் தெய்வமாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அட்டைகள் கிழிந்தன. கிழிந்த இடத்தில் புதுசு வரவில்லை. அட்டையையே கோரஸாக ஒப்பிக்க வைத்த மகானுபாவர்களும் இருந்தார்கள். (நம்மவர்களிடம் திரைச்சீலையைக் கொடுத்தாலும் அதை மனப்பாடம் பண்ண வைத்துவிடுவார்கள்.) "புக்கும் இல்ல, ஹோம்வொர்க்கும் இல்ல, இது இன்னா படிப்பு?" என்று அப்பாக்கள் டை கட்டின இங்கிலீஷ் மீடியத்துக்குக் கூட்டிப் போனார்கள். பிற்பாடு முறையை எளிமையாக்கினார்கள், மாற்றினார்கள். மெல்ல அது மங்கிப் போயிற்று. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைத்தபோது, "நம்ம ஏணியோட பேத்தி மாதிரி இருக்குய்யா" என்று ஃபோன் பண்ணினார்.

"எல்லாம் சரி ஸார், இதெல்லாம் மார்க் வாங்கித் தருமா?" நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் இதைத்தான் கேட்டேன். லண்டன் கிங்ஸ் காலேஜில் மைக்கேல் ஷேயர், பிலிப் ஏடி என்று இரண்டு பேர் 1980-களில் செய்து பார்த்திருக்கிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு சயன்ஸ் பீரியடில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் யோசிக்க வைக்கிற பாடம், இரண்டு வருஷத்துக்கு. முதலில் குழப்பு, பிறகு கூடிப் பேசு, 'எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்?' என்று திரும்பிப் பார். உடனே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பொதுத் தேர்வில் சயன்ஸில் நல்ல மார்க், கணக்கிலும் நல்ல மார்க், சம்பந்தமே இல்லாத இங்கிலீஷிலும் நல்ல மார்க். இரண்டு மூன்று வருஷம் பொறுக்கிற அப்பா அம்மா எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. நம்மிடம் மாதாந்திர டெஸ்ட் பேப்பர் கையெழுத்துக்கு வந்த அன்றைக்கே வீட்டில் குருக்ஷேத்திரம்.

மனப்பாடத்தை ஒரேயடியாகத் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை என்று இங்கே ஒரு ஆட்சேபணை வைத்தேன். வாய்ப்பாடு தெரியாதவன் எதை யோசிப்பான்? காற்று, நீரோட்டம், மேகம், பாறை எல்லாம் இந்தக் குப்பத்துப் பெரியவர்களுக்கு மனப்பாடம்தானே? தெற்கேயிருந்து வந்தால் தெண்டி, வடக்கேயிருந்து வந்தால் வண்ணி என்று நீரோட்டத்துக்குப் பேர் வைத்து, அதை நம்பித்தானே வலை விடுகிறார்கள்?

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சிமெலுவேன்னு ஒரு தீவு கேள்விப்பட்டிருக்கீரா?" என்றார்.

இந்தோனேஷியாவில், சுமத்ராவுக்குப் பக்கத்தில். 1907-ல் அங்கே பெரிய அலை வந்து ஏகப்பட்ட பேர் செத்துப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் அதைப் பாட்டாகவும் தாலாட்டாகவும் ஆக்கினார்கள். பூமி ஆடினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. தொண்ணூற்றேழு வருஷம் பாடினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமார் 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அதே நாள் தாய்லாந்தில் ஃபூகெட் பக்கம் ஒரு கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயசு இங்கிலீஷ் பெண். கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் பூகோள வாத்தியார் ஆண்ட்ரூ கியர்னி வகுப்பில் காட்டின படம் ஞாபகம் வந்தது. அம்மா நம்பவில்லை. இவள் விடவில்லை. அப்பா காவலாளியிடம் சொல்ல, கடற்கரையைக் காலி பண்ணினார்கள். சுமார் நூறு பேர் பிழைத்தார்கள்.

"ஒண்ணு மனப்பாடம், ஒண்ணு பாடம். ரெண்டுலயும் 'ஏன்'கிறது உள்ளே இருந்தது" என்றார். "அன்னிக்கு மாமல்லபுரத்துல கடல் உள்ளே போச்சு. எப்பவும் தண்ணியில கிடக்கிற பாறையெல்லாம் வெளியில தெரிஞ்சுது. ஜனங்க வேடிக்கை பாத்தாங்க. ஞாயித்துக்கிழமை, லீவு. கடல் உள்ளே போனா என்ன அர்த்தம்னு எனக்கே தெரியாதுய்யா. சுனாமிங்கிற வார்த்தையே அன்னிக்குத்தான் கேள்விப்பட்டேன். அது என் தப்பில்லை. ஆனா, 'தண்ணி எங்க போச்சு?'ன்னு நின்னு கேக்கிற பழக்கம் என்கிட்ட படிச்ச ஒருத்தனுக்கும் இருந்திருக்காது. கேட்டா நான் அடிச்சிருப்பேன். அது என் தப்பு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று செகண்ட் இல்லை, மூன்று நிமிஷம் போயிருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் காலி மீன் கூடையோடு வாசலில் வந்து நின்றார். லண்டன் சோல்ஜருக்காக வாதாடினாளே, அந்தப் பெண்ணின் அம்மா. கையில் ஒரு டெஸ்ட் பேப்பர்.

"ஐயா, இத்தப் பாருங்க."

கடலோர மணல் திட்டுகள் எப்படி உருவாகின்றன, ஐந்து மார்க். அந்தப் பெண் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். முட்டுக்காட்டு முகத்துவாரத்தைப் பற்றி. கோடையில் உள்ளேயிருந்து தண்ணீர் தள்ளாது. தெண்டி கொண்டுவருகிற மணல் வாயை அடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்து உடைக்கும். சென்னைத் துறைமுகத்துச் சுவர் தெற்கேயிருந்து வரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரிச்சுது என்பது வரை. ஒரு எழுத்து பிசகில்லை. விஷயமும் பிசகில்லை. மார்க் ஒன்று. ஓரத்தில் சிவப்பு மையில், 'புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்'.

"நீங்க கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்தீங்க. நல்லதுதான்" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஆனா பரீட்சையில அவங்க கேக்கறாங்க, இவ பதில் எய்தணும். இவளும் அங்க போயி கேள்வி கேட்டுக்கினு இருந்தா? வர்ற வருசம் பப்ளிக். மார்க்கு கொறைஞ்சா, படிப்பு போதும், கல்யாணத்தப் பண்ணுன்னு இவ அப்பன் நிக்கறாரு. நான் இன்னா சொல்லட்டும் அவருகிட்ட?"

வாத்தியாரின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் மடங்கின. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு, அஞ்சு. அப்புறம் அந்தக் கை முடிந்து இன்னொரு கைக்கும் போயிற்று.

"நீங்க சொல்றது நியாயம்மா" என்றார் கடைசியில். பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இனிமே இப்படிச் செய். மேலே புஸ்தகத்துல இருக்கறதை அப்படியே எழுதிடு, நம்பர் போட்டு, அஞ்சு பாயிண்ட். திருத்தறவர் மார்க் போட்டுடுவார். டயம் இருந்தா கீழே ஒரு கோடு போட்டு, நீ பாத்ததை நாலு வரி எழுது. யாராவது ஒருத்தர் படிப்பாங்க."

அந்த அம்மாளுக்குத் திருப்தி. கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பெண் பேப்பரை மடித்தாள். நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"சார், மேல எய்தறதும் கீழ எய்தறதும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போவலைன்னா, எது சார் சரி?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொண்டேன்.